வாரத்துல ஒரு நாள்: லண்டன் போலீஸ் 81 வருஷம் காத்திருந்த கதை

இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி, மணி 2 இருக்கும். நான் காசுவால்டி டூட்டி. ஒரு ஏட்டையாவும் ஒரு கான்ஸ்டபிளும் அக்யூஸ்டு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ரிமாண்டுக்கு முன்னாடி மெடிக்கல் செக்கப், வழக்கமான மெமோ. அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற எந்த டாக்டருக்கும் இது தினசரி பழக்கம்.

அக்யூஸ்டுக்கு பிபி 120/80. பல்ஸ் நார்மல். காயம் எதுவும் இல்லை. ஃபிட்.

எழுதிக் கொடுத்துட்டு நிமிர்ந்து பார்த்தா, ஏட்டையா சுவத்துல சாஞ்சு கண்ணை மூடி நிக்கிறார். முகமெல்லாம் வேர்வை. "ஏட்டையா, நீங்க உக்காருங்க"ன்னு சொல்லி பிபி பார்த்தேன். 190/110. முந்தின நாள் காலையில 6 மணிக்கு ரோல் கால் நின்னவர், 20 மணி நேரமா தூங்கலை. பிபி மாத்திரை நாலு நாளா போடலை. "போட்டா அடிக்கடி ஒன்னுக்கு வருது சார், பந்தோபஸ்துல எங்க போறது?"ன்னார்.

கூட்டி வந்த ஆள் அன்ஃபிட். வந்த அக்யூஸ்டு ஃபிட்.

அன்னிக்கு ராத்திரி மனசுல ஒட்டிக்கிட்ட கேள்வி இது. போலீஸ்காரங்க உடம்பைப் பத்தி உலகத்துல யாராவது யோசிச்சிருக்காங்களா? எப்ப இருந்து? தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல ஒரு பகுதியைத்தான் இங்க சொல்லப் போறேன். நம்ம ஊர் போலீஸ் அமைப்பும் ஆங்கிலேயர் போட்ட பாதையில வந்ததுதானே, அதனால லண்டன்ல இருந்தே தொடங்குவோம்.

1829 செப்டம்பர் 29. லண்டன் தெருக்களில் முதன்முறையாக மெட்ரோபொலிட்டன் போலீஸ் ரோந்துக்கு இறங்கிய நாள். உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் உருவாக்கிய படை. தலைமைக்கு ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர். ஒருவர் வாட்டர்லூ போரில் அடிபட்ட ராணுவ அதிகாரி சார்லஸ் ரோவன். இன்னொருவர் ரிச்சர்ட் மேயின் என்ற வக்கீல்.

இந்த ரெண்டு புது கமிஷனர்களும் தங்கள் ஆட்களின் பாதுகாப்புக்கு என்ன செஞ்சாங்கன்னு கேட்டா, முதல் பதில் கழுத்துப்பட்டை. சுமார் 4 அங்குல அகலத்துக்கு கெட்டியான தோல் பட்டையைக் கான்ஸ்டபிள் கழுத்துல கட்டிவிட்டாங்க. பின்னாடி வந்து கழுத்தை நெரிச்சா தாங்கணும்னு. தலையில உறுதியான உயரத் தொப்பி. இடுப்புல ஒரு தடி. ஆபத்துன்னா சுத்திச் சத்தம் எழுப்ப ஒரு மரக் கிலுகிலுப்பை. அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்தத் தோல் பட்டையோட வெயில் காலத்துல எட்டு ஒன்பது மணி நேரம் நடந்து பாருங்க, கொலைகாரன் வேண்டாம், பட்டையே போதும்.

மக்களுக்கு அந்தப் படையை சுத்தமா பிடிக்கலை. எந்த அளவுக்குன்னா, 1833 மே மாதம் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தைக் கலைக்கும்போது ராபர்ட் கல்லி என்ற கான்ஸ்டபிளைக் குத்திக் கொன்னுட்டாங்க. மரண விசாரணை நடத்திய ஜூரி கொடுத்த தீர்ப்பு என்ன தெரியுமா? நியாயமான கொலை! அந்த ஜூரிகளுக்கு ஊரே விருந்து வச்சுக் கொண்டாடியது. பிறகு மேல்கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது வேற விஷயம்.

இந்தப் பகையைச் சமாளிக்க ரோவனும் மேயினும் எடுத்த வழி, ஒழுக்கம். கடுமையான ஒழுக்கம். வாரண்ட் எண் 1 வாங்கிய முதல் கான்ஸ்டபிளையே, குடிச்சிருந்தார்னு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆரம்ப வருஷங்களில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி சில வருஷத்துக்குள்ள வெளியே போயாச்சு. முக்கியக் காரணம் குடி.

ஏன் அவ்வளவு குடி? டாக்டராப் பார்த்தா எனக்கு ஆச்சரியமே இல்லை.

ரோந்து போறவர் மணிக்கு ரெண்டரை மைல் வேகத்துல நடக்கணும்னு கணக்கு. நம்ம கணக்குல 4 கிலோமீட்டர். உட்காரக் கூடாது, சாயக் கூடாது, நின்னு பேசக் கூடாது. படையில பெரும்பகுதி ராத்திரி டூட்டி. ஒரு ஷிஃப்டுக்கு 20 மைல் வரைக்கும் நடை. மழை, பனி, புகை மூட்டம் எல்லாத்துலயும். வாரத்துக்கு ஏழு நாள். ஏழு நாளும்னா ஏழு நாளும். சம்பளம் ஒரு நாளைக்கு 3 ஷில்லிங்.

நிக்கிற, நடக்கிற வேலையில காலுக்கு என்ன ஆகும்னு சுருக்கமா சொல்றேன். காலில் இருக்கிற ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேல இதயத்துக்கு ஏறணும். அதுக்குக் கெண்டைக்கால் தசைதான் பம்பு, நரம்புக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன வால்வுகள்தான் கதவு. வருஷக்கணக்குல நின்னுக்கிட்டே இருந்தா அந்தக் கதவுகள் தளர்ந்து போகும். ரத்தம் தேங்கும். நரம்பு சுருண்டு வீங்கும். கடைசியில கணுக்காலுக்கு மேல ஆறாத புண். அதைத்தான் வெரிகோஸ்னு சொல்றோம். கூடவே பாதத்தின் வளைவு தட்டையாகும். இங்கிலீஷ்ல போலீஸ்காரருக்கு 'தட்டைப்பாதம்'னே பட்டப்பேர் இருக்குன்னா பாத்துக்கோங்க. இன்னிக்கும் என் ஓபிக்கு வர்ற டிராஃபிக் போலீஸ் காலைப் பார்த்தா இந்தப் பக்கங்கள்தான் ஞாபகம் வரும்.

1869ல் வந்த கமிஷனர் எட்மண்ட் ஹெண்டர்சன் சில சின்ன விஷயங்களைச் செஞ்சார். தாடி மீசை வச்சுக்கலாம்னார். டூட்டி இல்லாத நேரத்துல சாதாரண உடுப்பு போட்டுக்கலாம்னார். ஆமா, அதுவரைக்கும் வீட்டு வேலையா வெளியே போனாலும் யூனிஃபார்ம்தான்! டிரில் பயிற்சியையும் குறைச்சார். ஆனாலும் 1872ல் சம்பளத்துக்காக ஸ்டிரைக் வந்தது. அவர் காலத்தில்தான் 1880களில் மரக் கிலுகிலுப்பை போய் விசில் வந்தது. பர்மிங்காமைச் சேர்ந்த ஜோசப் ஹட்சன் செய்த விசில். அதன் சத்தம் ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்டதாம். இருட்டுச் சந்துல தனியா மாட்டிக்கிட்ட ஆளுக்கு, பக்கத்துத் தெரு கான்ஸ்டபிளை வரவழைக்க முடியுது. கையில அடங்குற ஒரு பித்தளைக் குழாய்.

இப்ப கதையின் முக்கியமான இடத்துக்கு வர்றோம். 1890.

அப்போதைய கமிஷனர் ஜேம்ஸ் மன்ரோ. நம்ம நாட்டுல, வங்காளத்துல போலீஸ் ஐ.ஜி.யா இருந்தவர். அவருடைய ஒரே பிடிவாதம், என் ஆட்களுக்கு பென்ஷன் உரிமையா வேணும்னு. அதுவரைக்கும் பென்ஷன் உரிமை கிடையாது, மேலிடம் பார்த்துக் கொடுப்பது. வயசாகறதுக்கு முன்னாடி போகணும்னா, உடம்பு இனி தேறாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கணும். எங்க ஆளுங்க கையில எவ்வளவு பெரிய அதிகாரம் இருந்திருக்கு பாருங்க! உழைச்சுத் தேய்ஞ்ச மனுஷன், 'நான் தேய்ஞ்சுட்டேன்'னு நிரூபிக்க டாக்டர் முன்னாடி சட்டையைக் கழட்டி நிக்கணும்.

உள்துறை அமைச்சரோட ஒத்துவராம மன்ரோ 1890 ஜூனில் ராஜினாமா செய்துட்டார். ஒரு போலீஸ் தலைவர், கீழ இருக்கிறவங்க பென்ஷனுக்காகப் பதவியைத் தூக்கி எறிஞ்சது வரலாற்றில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. ஒரு சின்ன விலகல்: மன்ரோ அப்புறம் வங்காளத்துக்கே திரும்பி வந்து ராணாகாட் என்ற ஊரில் மருத்துவ மிஷன் ஒன்னு தொடங்கினார். போலீஸ் கமிஷனரா இருந்தவர் ஆஸ்பத்திரி நடத்தப் போனார்!

அடுத்த மாசமே, ஜூலையில், போ ஸ்ட்ரீட் ஸ்டேஷன் கான்ஸ்டபிள்கள் டூட்டிக்குப் போக மாட்டோம்னு நின்னுட்டாங்க. தெருவில் கலாட்டா. குதிரைப்படை ராணுவம் வந்தது. 39 பேர் டிஸ்மிஸ்.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவுல வந்து உட்கார்ந்த புது கமிஷனர்தான் எட்வர்ட் பிராட்ஃபோர்டு. இவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு. வாலிப வயசுல இவர் சேர்ந்தது மெட்ராஸ் ராணுவத்தின் குதிரைப்படையில். 1863ல் வேட்டைக்குப் போன இடத்துல ஒரு பெண் புலி பாய்ஞ்சு இடது கையைக் குதறிடுச்சு. கையை எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறமும் ஒத்தைக் கையோட குதிரை ஓட்டினவர்.

அந்தக் காலத்துல ஆன்டிபயாடிக் இல்லை. லிஸ்டரின் கிருமிநாசினி முறை 1867ல்தான் வெளியானது. புலிக்கடியில் சீழ்பிடிச்சுச் செத்தவங்கதான் அதிகம். பிழைச்சதே பெரிய விஷயம். வலின்னா என்னன்னு உடம்பால தெரிஞ்ச ஒருத்தர் கமிஷனர் நாற்காலிக்கு வந்தார். அதனாலதான் நல்லது செஞ்சார்னு நான் சொல்ல மாட்டேன், அது சினிமா டயலாக் ஆயிடும். அந்த 39 பேரை வீட்டுக்கு அனுப்பியது இவர் தலைமையிலதான், அதையும் மறக்க வேண்டாம்.

ஆனா அவர் செஞ்ச ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. லண்டன் முழுக்க இருந்த போலீஸ் ஸ்டேஷன் ஒவ்வொன்னுக்கும் நேர்ல போனார். ஒன்னு விடாம. ஆட்கள் எங்க தங்குறாங்க, என்ன சாப்பிடுறாங்க, என்ன குறைன்னு பார்த்தார். புது ஸ்டேஷன்கள், புது தங்குமிடங்கள் கட்டினார். விளையாட்டை ஊக்குவிச்சார். சைக்கிளைக் கொண்டு வந்தார். 20 மைல் நடந்த காலுக்கு சைக்கிள்னா என்னன்னு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்க தொழில்ல இதுக்குப் பேர் ரவுண்ட்ஸ். கேஸ் ஷீட்டை மட்டும் பார்த்து மருந்து எழுதுற டாக்டருக்கும், படுக்கைக்குப் பக்கத்துல வந்து நிக்கிற டாக்டருக்கும் உள்ள வித்தியாசம்.

அதே 1890 ஆகஸ்ட்டுக்குள்ள போலீஸ் பென்ஷன் சட்டமும் நிறைவேறியது. 25 வருஷ சர்வீஸ் முடிச்சா பென்ஷன் உரிமை. மன்ரோ கேட்டது, மன்ரோ போன பிறகு வந்தது.

அதே வருஷம் இன்னொரு விஷயமும் நடந்தது. கேதரின் கர்னி என்ற அம்மா, கடலோர ஊரான ஹோவில் அடிபட்ட, நோய்ப்பட்ட போலீஸ்காரர்கள் தங்கித் தேறுவதற்கு ஒரு இல்லம் தொடங்கினாங்க. பொது ஆஸ்பத்திரி வார்டுல படுத்தா, பக்கத்துப் படுக்கையில தான் பிடிச்சுக் கொடுத்த ஆளே படுத்திருப்பான்! எப்படித் தூக்கம் வரும்? இந்த அம்மாவுக்குப் போலீஸ்ல எந்தப் பதவியும் கிடையாது. பிற்காலத்துல வடக்கே ஹாரோகேட்லயும் ஒரு இல்லம் வந்தது. அவங்க ஆரம்பிச்ச அறப்பணி பேரும் இடமும் மாறி இன்னிக்கும் நடக்குது. பிசியோதெரபி, மனநல ஆலோசனை எல்லாம் கொடுக்கிறாங்க.

சரி, பென்ஷன் வந்தாச்சு, சைக்கிள் வந்தாச்சு, விசில் வந்தாச்சு. வார லீவ்?

வரலை.

1861ல் நம்ம நாட்டுக்காகப் போட்ட போலீஸ் சட்டத்தின் 22வது பிரிவு, போலீஸ் அதிகாரி எப்பவும் டூட்டியில் இருப்பதாகவே கருதப்படுவார்னு சொல்லுது. லண்டன்லயும் மனநிலை கிட்டத்தட்ட அதுதான். பின்னாடி 14 நாளுக்கு ஒரு நாள் லீவ்னு ஒரு வழக்கம் வந்தது. அதுக்கு மேல நகரலை.

நகர்த்தினது ஒரு பத்திரிகை. 1893ல் ஜான் கெம்ப்ஸ்டர் என்பவர் போலீஸ்காரர்களுக்காகவே ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சார். அவர் போலீஸ் இல்லை. ஆனா போலீஸ்காரர்கள் பேர் சொல்லாம அதில் கடிதம் எழுதினாங்க. சங்கம் வைக்க வழியில்லாதவங்களுக்கு அதுதான் வாய். அந்தப் பத்திரிகை விடாம கேட்டது ஒரே விஷயம், ஏழு நாளுக்கு ஒரு நாள்.

எதிர்ப்பு எங்க இருந்து வந்ததுன்னு யூகிச்சிருப்பீங்க. செலவு. அதைக் கணக்காப் பார்த்தாத்தான் புரியும். ஒரு படையில 1000 பேர்னு வைங்க. 14 நாளுக்கு ஒரு லீவ்னா, எந்த நாள்லயும் சுமார் 929 பேர் டூட்டில இருப்பாங்க. 7 நாளுக்கு ஒரு லீவ்னா சுமார் 857 பேர்தான். அந்த 72 பேர் இடத்தை நிரப்பணும்னா, புதுசா சேர்க்கிறவங்களுக்கும் லீவ் உண்டு இல்லையா, 80க்கு மேல ஆள் எடுக்கணும். சம்பளம், சீருடை, பென்ஷன் எல்லாம் சேர்த்து. இதை எழுதறப்ப எனக்கு எங்க டிபார்ட்மென்ட்தான் ஞாபகம் வருது. லீவ் கொடுக்கிறேன்னு சொல்றது ஒரு வரி ஆர்டர். ஆள் எடுக்கிறது பட்ஜெட். ஆள் எடுக்காம கொடுக்கிற லீவ், பக்கத்து ஆளோட தூக்கத்துல இருந்து எடுத்துக் கொடுக்கிற லீவ்.

1908ல் பார்லிமென்ட் ஒரு தேர்வுக் குழு போட்டு விசாரிச்சது. 1910ல், வின்ஸ்டன் சர்ச்சில் உள்துறை அமைச்சரா இருந்தப்போ, போலீஸ் வார ஓய்வுநாள் சட்டம் நிறைவேறியது. வருஷத்துக்கு 52 நாள். உடனே எல்லா ஊர்லயும் நடக்கலை, ஆள் எடுக்க அவகாசம் கேட்டு 1914 வரை இழுத்தாங்க. 1914ல் உலகப் போர். வார லீவ் நிறுத்தம்!

போர் நடந்த நாலு வருஷமும் விலைவாசி ஏற ஏற, சம்பளம் ஏறலை, லீவ் இல்லை. அப்ப கமிஷனர் எட்வர்ட் ஹென்றி. இவரும் வங்காளத்துல போலீஸ் ஐ.ஜி.யா இருந்தவர்தான். கைரேகை முறையில் இவர் பேர் சொல்லப்படும். அந்த முறையை உருவாக்கிக் கொடுத்த உழைப்பு அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற ரெண்டு இந்தியர்களுடையதும்தான், அதையும் சொல்லிடறேன். 1912ல் லைசென்ஸ் கிடைக்காத கோபத்துல ஒருத்தன் ஹென்றியை வீட்டு வாசல்லயே சுட்டான். பிழைச்சார், ஆனா வலி விடலை. சுட்டவனுக்குத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி கோர்ட்டுல கேட்டவர் அவர். நல்ல மனுஷன். ஆனா தன் ஆட்கள் எவ்வளவு கொதிச்சுப் போயிருக்காங்கன்னு அவருக்குத் தெரியலை.

1918 ஆகஸ்ட் 30. லண்டன் போலீஸ்ல சுமார் 12,000 பேர் ஸ்டிரைக். போர் நடந்துக்கிட்டு இருக்கிற தலைநகரத்துல தெருவில் போலீஸ் இல்லை. பிரதமர் லாயிட் ஜார்ஜே உட்கார்ந்து பேசி சம்பளத்தை உயர்த்தினார். ஹென்றி ராஜினாமா. புது கமிஷனர், ராணுவ ஜெனரல் நெவில் மெக்ரெடி.

1919ல் டெஸ்பரோ கமிட்டி சம்பளத்தை வாரம் 70 ஷில்லிங்னு தொடங்கச் சொன்னது. அதே வருஷச் சட்டம் போலீஸ்காரர்கள் குறை சொல்ல ஒரு கூட்டமைப்பைக் கொடுத்து, தொழிற்சங்கத்தைத் தடை செஞ்சது. அதை எதிர்த்து அந்த ஆகஸ்ட்டில் ரெண்டாவது தடவை ஸ்டிரைக் போன 2000க்கும் மேற்பட்டவங்க வேலையை இழந்தாங்க, திரும்பச் சேர்க்கலை. ஸ்டிரைக்குக்கு முதல்ல போனவங்களுக்கு சம்பளம், ரெண்டாவது போனவங்களுக்கு வீடு. இன்னிக்கு வரைக்கும் இது எனக்கு உறுத்தும்.

நம்ம ஊருக்கு வர்றேன்.

தமிழ்நாட்டில் 2021ல் புதுசா டிஜிபி பொறுப்பேற்ற சைலேந்திர பாபு, அந்த ஜூலை மாசக் கடைசியிலேயே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரத்துக்கு ஒரு நாள் லீவ் கொடுக்கணும். பிறந்தநாள், கல்யாண நாளுக்கும் லீவ். அந்த நவம்பரில் அரசாணையும் வந்தது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஜூனில், சாலையோர பந்தோபஸ்துக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம்னு ஒரு உத்தரவு. மணிக்கணக்கா தண்ணி குடிக்காம, ஒன்னுக்குப் போகாம அடக்கிக்கிட்டு நின்னு, யூரின் இன்ஃபெக்‌ஷனோட ஓபிக்கு வர்ற தங்கச்சிகளைப் பார்த்த எந்த டாக்டரும் அந்த உத்தரவை எழுந்து நின்னு வரவேற்பாங்க.

1910க்கும் 2021க்கும் நடுவுல 111 வருஷம்.

தூக்கத்தைப் பத்தி ஒன்னு சொல்லிடறேன். 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா, மூளையும் கையும் செயல்படுற விதம் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவருக்குச் சமம்னு 1997லேயே ஆய்வு வந்தாச்சு. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட சட்ட எல்லை 0.03. அதாவது 17 மணி நேரம் டூட்டி பார்த்த போலீஸ்காரர், குடிச்சிருக்கானான்னு உங்களை ஊதச் சொல்றப்ப, உங்களைவிட அவர் மூளைதான் தள்ளாடிக்கிட்டு இருக்கலாம். அவர் கையில வண்டி இருக்கு, சில சமயம் துப்பாக்கி இருக்கு. ராத்திரி ஷிஃப்ட் வேலையை, புற்றுநோய் வரவைக்க அதிக வாய்ப்புள்ள விஷயங்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007ல் சேர்த்தது. பிபி, சர்க்கரை, மன அழுத்தம் எல்லாம் இதோட கூட்டு.

"டாக்டர், போலீஸ்காரங்க ஸ்டேஷன்ல அடிக்கிறாங்களே, அதைப் பத்தி எழுத மாட்டீங்களா?"ன்னு சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. நானே காயச் சான்றிதழ் எழுதுறவன், எனக்குத் தெரியாதா? தூங்காதது அடிக்கிறதுக்கு சாக்கு இல்லை. ஆனா தூங்காத மனுஷனுக்குக் கோபத்தை அடக்குற மூளைப்பகுதி முதல்ல சோர்ந்து போகும்ங்கறதும் உண்மை. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

அந்த ஏட்டையா கதையை முடிச்சிடறேன். அன்னிக்கு மாத்திரை மாத்திக் கொடுத்தேன், அடிக்கடி ஒன்னுக்கு வராத மாத்திரையா. அவர் திரும்ப வர பல மாசம் ஆச்சு. வேட்டி சட்டையில வந்தார், முதல்ல அடையாளமே தெரியலை. பிபி 140/90. "பரவாயில்லையே ஏட்டையா, இன்னிக்கு லீவா?"ன்னேன்.

"வீக்லி ஆஃப் சார்"னு சிரிச்சார். அப்ப பாக்கெட்ல போன் அடிச்சது. எடுத்து, எழுந்து நின்னு, "சரிங்கய்யா, வந்துடறேங்கய்யா"ன்னு பேசி வச்சார்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு விஐபி மூவ்மென்ட்டாம். மாத்திரை ஒரு மாசத்துக்குக் கொடுத்துடுங்க சார், அடுத்து எப்ப வருவேன்னு தெரியலை."

ரெண்டு மாசத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.